மூன்றாவது நாற்காலி போடாதவர்

நான் எடுத்த கல்யாண வீடியோக்களிலிருந்து அந்த அம்மா துண்டு துண்டாக உருவித் தூக்கிப் போடுகிறார் என்று மூன்று வாரம் முழுசாக நம்பியவன் நான். நம்பியதோடு நிற்கவில்லை, ஆதாரமும் தேடினேன். ஸ்டுடியோ ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒரு முகூர்த்த வீடியோவை நான் எடுத்தபடியும், ஆல்பம் போடுகிற மதுரைக்காரர்களுக்குப் போய்ச் சேர்ந்தபடியும் அருகருகே ஓடவிட்டுப் பார்த்தேன். மாலை மாற்றுகிற இடத்தில் தாய்மாமனைக் காணவில்லை. பிடித்துவிட்டேன் என்று எழுந்தே நின்றுவிட்டேன். அப்புறம் பார்த்தால் என்னிடம் இருந்த மூலத்திலும் தாய்மாமன் இல்லை. அந்த நேரத்தில் அவர் பந்தியில் உட்கார்ந்து சாம்பாரை முடித்து ரசத்துக்குப் போயிருந்தார். அதையும் நான்தான் எடுத்திருக்கிறேன், இன்னொரு கேமராவில்.

ஊரில் அந்த அம்மாவை நெட்டக்கா என்பார்கள். ஆள் என் தோள் உயரம்கூட வரமாட்டார். சங்கரன்கோவிலில், ராஜபாளையம் ரோட்டில் ஒரு மாடி வீட்டில் இருந்துகொண்டு, எங்கள் பக்கத்துத் தெருக்களுக்குக் கம்பி இல்லாமல் காற்றிலேயே இன்டர்நெட் கொடுத்தார். அவர் மொட்டை மாடியில் ஒரு உயரமான கம்பம். எங்கள் வீடுகளின் மாடியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு தட்டு, அந்தக் கம்பத்தைப் பார்த்துத் திரும்பி நிற்கும். தட்டைத் திருக அவரேதான் ஏறுவார், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்துகொண்டு.

அவரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அவர் ஆபீஸில் கிடந்த நாற்காலிகள். வந்தவர்கள் உட்கார இரண்டே இரண்டு. மூன்றாவது ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் வந்துவிடும்.

"அண்ணாச்சி, இப்ப முடியாது. பன்னெண்டு மணிக்கு வாங்க."

"சும்மா ஒரு நிமிசம்மா. இங்கன ஓரமா நின்னுக்கிடுதேன்."

"நிக்காதிய. நின்னா நீங்க என்னையப் பாத்துக்கிட்டே இருப்பிய, நான் உங்களப் பாத்துக்கிட்டே இருப்பேன். ரெண்டு பேருக்கும் வேலை ஓடாது. பன்னெண்டு மணி."

பன்னிரண்டுக்குப் போனால் பன்னிரண்டு ஒன்றுக்கு வேலை முடிந்திருக்கும். ஆனால் அது யாருக்கு ஞாபகம் இருக்கிறது? வாசலில் திருப்பி அனுப்பியதுதான் ஞாபகம் இருக்கும். நம் ஊரில் ஒருவரைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார வைத்து, நடுவில் ஒரு டீயும் வாங்கிக் கொடுத்து, கடைசியில் நாளைக்கு வாங்க என்று அனுப்பினால் அவர் தங்கமான மனிதர். வாசலிலேயே நேரம் சொல்லி அனுப்பினால் திமிர் பிடித்தவள்.

கல்யாணப் பத்திரிகை விஷயத்திலும் இதே கதைதான். பத்திரிகை வைக்க வருகிறவர்களிடம் நாம் என்ன சொல்வோம்? "வராம இருப்பமா? குடும்பத்தோட வந்துருதோம்." போகமாட்டோம். அவர்களும் நமக்கு இலை போட்டு வைத்திருப்பார்கள். நெட்டக்கா பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கி, தேதியைப் பார்த்து, முகத்துக்கு நேரே சொல்வார்: "நான் வரமாட்டேன் மதினி. பிள்ளைக நல்லா இருக்கட்டும்." ஒரு பெண்ணின் அம்மா அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கல்யாணத்துக்கு நான்தான் வீடியோ. வருவோம் என்று சத்தியம் பண்ணியவர்களின் நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்தன. நான் கேமராவை மேடைப் பக்கமாகவே வைத்துக்கொண்டு எப்படியோ ஒப்பேற்றினேன்.

இப்படி ஒரு குணத்துக்குக் காரணம் இல்லாமல் ஊர் சும்மா விடுமா? டீக்கடைக்காரர் எனக்கு அந்தக் காரணத்தை மிகத் தணிந்த குரலில் சொன்னார். நெட்டக்காவுடைய அப்பாவுக்கு நெஞ்சுவலியாம். ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில், 'உக்காருங்க, கூப்பிடுவாக' என்று சொல்லிச் சொல்லியே உட்கார வைத்து, அப்படியே போய்விட்டாராம். யாராவது ஒருத்தர் 'இங்க முடியாது' என்று உடனே சொல்லியிருந்தால் திருநெல்வேலிக்காவது கொண்டுபோயிருப்பார்களாம். அடுத்த முறை அவரைப் பார்த்தபோது, துக்கம் விசாரிக்கிற குரலை வரவழைத்துக்கொண்டு, "அப்பா விசயம் கேள்விப்பட்டேன்மா" என்றேன்.

"என்ன விசயம்? வாசுதேவநல்லூர்ல நல்லாத்தான இருக்காக. காலைல போன்ல பேசுனேனே!"

நான் டீக்கடைக்காரர் சொன்னதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எனக்குக் காக்க வைக்கது பிடிக்காது அண்ணாச்சி. அதுக்கு ஒரு ஆளு செத்துருக்கணுமா?"

அன்றைக்கு அவரிடம் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது உண்மை. காரணம் இருக்கிற பிடிவாதத்தை எப்படியாவது கரைக்கலாம். காரணமே இல்லாத பிடிவாதத்தை என்ன செய்வது? அவர் கம்பத்தில் எங்கள் பக்கம் பார்த்து நெட் அனுப்பிய ரேடியோவுக்கு இருபது வீடுதான் கணக்கு. இருபத்தொன்றாவதாகப் போனவன் நான். "இல்லை" என்றார். வெற்றிலை, ஆப்பிள், தெரிந்த கவுன்சிலரின் மச்சான் என்று எல்லாம் கொண்டுபோனேன். "உங்களச் சேத்தா உங்களுக்கும் நல்லா வராது, இருவது வீட்டுக்கும் நல்லா வராது. யாராவது காலி பண்ணா நானே கூப்பிடுதேன்" என்றார். எங்கள் தெருவில் தையல் வேலை செய்கிற ஒரு பெண், வாட்ஸ்அப்பில் வருகிற டிசைன்களை நம்பிப் பிழைக்கிறவள், அழுது கேட்டும் இதே பதில்தான். அது எனக்கு இன்றைக்கும் சரியாகப் படவில்லை. ஆனால் ஒரு வீடு காலியானதும் முதலில் அவளுக்குத்தான் கொடுத்தார். அடுத்த இடம் எனக்கு.

இனி நான் என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் எதற்காக இவ்வளவு பதறினேன் என்று தெரியாது.

கோமதிக்குச் சென்னையில் வேலை. வெளிநாட்டு டாக்டர்களிடம் பேச வருகிற, இங்கிலீஷ் தெரியாத தமிழ் ஆட்களுக்குப் போனிலேயே மொழிபெயர்த்துச் சொல்வாள். டாக்டர் இங்கிலீஷில் கேட்பார். இவள் தமிழில் கேட்பாள். நோயாளி தமிழில் சொல்வார். இவள் இங்கிலீஷில் சொல்வாள். பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், குழந்தை பிறந்த பிறகும் இங்கிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தாள். மாப்பிள்ளை கப்பலில். சென்னையில் அவள் தங்கியிருந்த ஹாஸ்டலில் கைக்குழந்தைக்கு இடம் இல்லை. அந்த அனுமதி இருக்கிறவரைதான் தாயும் பிள்ளையும் ஒரே வீட்டில்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. அவள் பேசுவது டாக்டருக்குத் தாமதமாகப் போனது. டாக்டர் கேட்டுவிட்டுக் காத்திருப்பார், சத்தம் வராது, அடுத்த கேள்வியை ஆரம்பிப்பார், அதன் நடுவில் இவள் பதில் போய் விழும். மூன்று புகார் வந்துவிட்டது. இன்னொன்று வந்தால் சென்னைக்கு வந்து ஆபீஸில் உட்கார்ந்துதான் வேலை என்று எழுதியே அனுப்பிவிட்டார்கள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்து வீட்டுத் தென்னை ஓலை தட்டை மறைக்கிறது என்று சண்டை போட்டு வெட்ட வைத்தேன். மாடிப் புறாக்களைப் பட்டாசு போட்டு விரட்டினேன், குழந்தை வீறிட்டு அழுதது. எதிர்வீட்டில் மிக்ஸி ஓடும் நேரங்களைக் காலண்டரில் குறித்தேன். கடைசியாகத் திருநெல்வேலி போய், இருப்பதிலேயே பெரிய வைஃபை பெட்டியை, எட்டுக் கொம்பு வைத்ததை, வாங்கிவந்து கீழே ஸ்டுடியோவில் வைத்தேன். என் மனைவி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்குப் பூப் போடணுமா, இல்ல பொங்கல் வைக்கணுமா?" என்று கேட்டாள். பெட்டி வந்த பிறகு தாமதம் இன்னும் கூடியது.

நெட்டக்காவைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். "இன்னைக்கு முடியாது. வியாழக்கிழமை பதினோரு மணி." வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வாசலில் ஸ்கூட்டி நின்றது.

எங்கள் வீட்டில் ஸ்டுடியோ கீழே, குடித்தனம் மேலே, இரண்டுக்கும் ஒரே நெட். அவர் மேலே கோமதியின் அறையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டரிலிருந்து ஒரு சின்னக் கேள்வியை வெளியே அனுப்பி, பதில் வரும்வரை வாய்விட்டு எண்ணினார். "ஒ..." என்பதற்குள் பதில் வந்தது. பிறகு என்னைப் பார்த்து, "கீழ போயி, தெனம் என்ன அனுப்புவியளோ அதை அனுப்புங்க அண்ணாச்சி" என்றார். நான் ஒரு முழுக் கல்யாணத்தை மதுரைக்குத் தட்டிவிட்டு மேலே வந்தேன். இப்போது அவர் எண்ணினார். "ஒண்ணு... ரெண்டு... மூ..." அதற்குப் பிறகுதான் பதில் வந்தது.

"வெளிய எங்கனயும் தேடாதிய. உங்க மக பேச்சு, நீங்க அனுப்புத கல்யாண ஊர்வலத்துக்குப் பின்னால நிக்கி."

"வேகம் நாப்பது காட்டுதே மேடம்!"

"வேகத்த யாரு கேட்டா? பஸ்சு நூறுல போவும். நீங்க ஏறுததுக்கு எத்தன நேரம் நிக்கிய? காத்துல வாரது ஒரே மாதிரி நிக்காது; மழை பெஞ்சா குறையும், அடுத்த வீட்டுக்காரன் பேசுனா குறையும். குறையும்போது இந்தப் பெட்டி என்ன செய்யணும்? 'இப்ப முடியாது'ன்னு சொல்லணும். சொல்லாது. வாரதெல்லாம் வாங்கி உள்ள அடுக்கிக்கிடும். உங்க கம்ப்யூட்டர், 'ஆகா, போகுது போகுது'ன்னு இன்னும் தள்ளும். நீங்க வேற எட்டுக் கொம்போட வாங்கியாந்திருக்கிய. காத்துக் கெடக்கதுக்குப் பெரிய மண்டபமாக் கட்டிக் குடுத்திருக்கிய."

என் மனைவி சந்தோஷமாகத் தலையாட்டினாள். அவளுக்கு நெட்டைப் பற்றி ஒன்றும் புரிந்திருக்காது. நான் முட்டாள் என்பது புரிந்துவிட்டது.

அவர் கீழே இறங்கி, தீப்பெட்டிக் கட்டு அளவில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை, மாடியிலிருந்து வருகிற கேபிளுக்கும் என் எட்டுக் கொம்பனுக்கும் நடுவில் மாட்டினார். இது வரிசையைக் குட்டையாக வைத்திருக்குமாம். யாருக்குக் கொஞ்சம்தான் வேலையோ அவர்களை முன்னால் விடுமாம். ரொம்ப நேரம் நிற்கிறதைத் தூக்கிப் போட்டுவிடுமாம்.

"தூக்கிப் போடுமா? எதை?"

"உங்க வீடியோவுல துண்டுகள."

"அய்யோ, தாலி கட்டுதது எந்தத் துண்டுல இருக்குன்னு பாத்துப் போடச் சொல்லுங்க!"

"ஒண்ணும் காணாமப் போகாது அண்ணாச்சி. போட்டது போய்ச் சேரலன்னு உங்க கம்ப்யூட்டருக்குத் தெரியும். தெரிஞ்சா மறுபடி அனுப்பும், கொஞ்சம் மெதுவா அனுப்பும். அதுக்குத்தான் போடுதது. முடியாதுன்னு சொன்னாத்தான அனுப்புதவன் நிதானமா வருவான்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவர் இரண்டு நாற்காலி ஆபீஸைப் பெட்டிக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார் என்று.

மேலே போய் மறுபடி எண்ணினார். மதுரைக்குக் கல்யாணம் போய்க்கொண்டே இருந்தது, "ஒ..." என்பதற்குள் பதில் வந்தது. கோமதி குழந்தையை மாற்றித் தோளில் போட்டுக்கொண்டு, "அக்கா, இது போதும்" என்றாள். நெட்டக்கா டீ குடிக்கவில்லை. வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டார். போகும்போது, ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் அந்தப் பெட்டியின் பக்கத்தைத் திறந்து காட்டி, "இங்கன ஒரு நம்பர் ஏறும், தூக்கிப் போட்டது எத்தனன்னு. அதப் பாக்காதிய. பாத்தா உங்களுக்கு வயித்தக் கலக்கும்" என்றார்.

நான் வேறு எதைப் பார்ப்பேன்? காலையில் கடை திறந்ததும் அதைத்தான் பார்த்தேன். நம்பர் ஏறிக்கொண்டே இருந்தது. வேகமோ நாற்பதிலிருந்து முப்பத்துமூன்றுக்கு இறங்கிவிட்டது. மாடியில் மகள் நிம்மதியாக வேலை பார்த்தாள், ஒரு புகார் வரவில்லை, குழந்தை தவழ ஆரம்பித்தது. கீழே நான், எத்தனை குத்துவிளக்கு போச்சோ, எத்தனை மூக்குத்தி போச்சோ என்று விரலை மடக்கிக்கொண்டிருந்தேன். அந்த மூன்று வாரத்தைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன்.

மூன்றாவது வாரம் சிவகிரியில் ஒரு கல்யாணம். பெண்ணும் மாப்பிள்ளையும் அன்று சாயங்காலமே விமானம் ஏறுகிறார்கள், அதற்குள் முகூர்த்த வீடியோ வேண்டும். பெண்ணின் அப்பா பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை போன் செய்தார்.

"என்னவே, வந்துட்டா?"

"வந்துக்கிட்டே இருக்கு அண்ணாச்சி."

"எங்க வே வருது? நடந்தா வருது?"

நான் திரையைப் பார்த்தேன். அனுப்பியது பாதிகூட ஆகவில்லை. பக்கத்தில் அந்த நம்பர் ஏறுகிறது. சிவகிரிக்காரர் மறுபடி கூப்பிடுகிறார். சின்னப் பெட்டியிலிருந்து கேபிளைப் பிடுங்கி, நேரே எட்டுக் கொம்பனில் சொருகினேன். அவ்வளவுதான் செய்தேன். வேகம் நாற்பதுக்குத் தாவியது. தூக்கிப் போட ஆள் இல்லாமல் நம்பர் நின்றுவிட்டது. நான் விசிலடித்தேன். ஒரு டீ சொல்லிக் குடித்தேன்.

மேலே கோமதி பேசிக்கொண்டிருந்தாள். லண்டன் பக்கம் ஒரு டாக்டர், வயசான ஒரு இலங்கைத் தமிழர். பெயர் சொல்லாமல் அவள் பின்னால் சொன்னதுதான் இது. பென்சிலின் மாத்திரை ஏதும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். பெரியவர் "ஓம்", அதாவது ஆமாம், என்றிருக்கிறார். இவள் அதைச் சொல்லி, உடம்பெல்லாம் தடிப்பு வந்த கதையையும் சொல்லியிருக்கிறாள். அந்தப் பக்கம் டாக்டருக்குச் சத்தமே வரவில்லை. ஒன்றும் இல்லை போல என்று, பிரஷர் மாத்திரை தினமும் போடுகிறீர்களா என்று அடுத்ததை ஆரம்பித்திருக்கிறார். அதன் முடிவில் இவளுடைய "ஆமாம்" போய் விழுந்திருக்கிறது. மீதியெல்லாம் இரண்டு பேர் குரலும் மோதி நசுங்கிவிட்டது. அவசரத்தில் இருந்த டாக்டர், அந்தப் பென்சிலினையே எழுதி அனுப்புகிறேன் என்று போனை வைத்துவிட்டார்.

கோமதி படியிறங்கி வந்தாள். ஹெட்போன் கழுத்தில் தொங்கியது.

"அப்பா, கீழ எதையும் தொட்டியளா?"

"இல்லையே" என்றேன். எவ்வளவு சீக்கிரம் சொன்னேன்! வாழ்க்கையில் நான் தாமதமே இல்லாமல் சொன்ன பதில் அது ஒன்றுதான்.

அவள் மேலே போய்த் தன் ஆபீஸுக்குப் போன் செய்யும் சத்தம் கேட்டது. நான் கேபிளைப் பழையபடி மாட்டினேன். பிறகு ஸ்டுடியோவின் டார்க் ரூமுக்குள், இப்போது ஸ்டாண்டுகள் போட்டு வைக்கிற அந்த அறைக்குள் போய் நின்றுகொண்டு, நெட்டக்காவைக் கூப்பிட்டேன். முதல் மணி.

"தங்கச்சி" என்றேன். அதுவரை மேடம் என்றே கூப்பிட்டவன். "ஒரு உதவி. காத்துல தட்டு ஆடிருச்சு, லைன் கோளாறுன்னு உங்க லெட்டர் பேடுல ரெண்டு வரி எழுதிக் குடுங்க. எம்மக ஆபீசுக்கு அனுப்பணும்."

"காத்து அடிக்கலயே அண்ணாச்சி."

நான் நடந்ததைச் சொன்னேன்.

"முடியாது" என்றார்.

"பச்சப்பிள்ளம்மா. ஏழு மாசம். தாயப் பிரிச்சிருவாக."

அவர் பேசாமல் இருந்தார். அவர் அப்படி இருந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு சொன்னார்: "முடியாதுன்னு இப்பவே சொல்லிருதேன். யோசிச்சுச் சொல்லுதேன்னு சொன்னா, நாளைக்கு வரைக்கும் என்னைய நம்பி உக்காந்திருப்பிய. மகட்டச் சொல்லிட்டியளா?"

"இல்லை."

"அதச் செய்யுங்க மொதல்ல."

வைத்துவிட்டார். நான் அந்த இருட்டறையில் நின்று அவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். கல்நெஞ்சுக்காரி என்றேன். பிள்ளை பெற்றிருந்தால் தெரியும் என்றேன். அவருக்குக் கல்லூரியில் படிக்கிற இரண்டு பெண்கள் இருப்பது எனக்குத் தெரியும், தெரிந்தேதான் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் வீட்டு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன். மறு வருஷம் கணவருக்கு வேலை மாறி அவர்கள் கோயம்புத்தூர் போனபோது, ஒரு மாதம் முன்னாலேயே எல்லா வீட்டுக்கும் ஒரே நாளில் செய்தி அனுப்பினார்: இன்ன தேதியோடு என் நெட் நிற்கிறது, வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். என் வீட்டுக்கும் வந்தது. நான் போய்ப் பார்க்கவில்லை.

அன்றைக்கு அந்த அறையிலிருந்து வெளியே வர எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. மாடிப்படியில் பாதியில் ஒரு தடவை உட்கார்ந்தேன். கோமதி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்து இருந்தாள். நான்தான் பிடுங்கினேன் என்றேன். சிவகிரிக்காரர், நம்பர், டீ, எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு நகைச்சுவைகூட வாயில் வரவில்லை.

"தெரியும்ப்பா" என்றாள். "நீங்க சொல்லுவியளான்னுதான் இருந்தேன்."

நடந்தது இதுதான். கோமதி தன் அழைப்பில் தவறு நடந்ததைத் தானே ஆபீஸில் சொன்னாள். அவர்கள் அந்த டாக்டரைப் பிடித்து மருந்தை மாற்ற வைத்தார்கள்; பெரியவர் ஒரு மாத்திரைகூட விழுங்கவில்லை. கேபிளைப் பிடுங்கியது நான் என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதத்தையும் வாங்கிக்கொண்டார்கள். வேலை போகவில்லை. வீட்டிலிருந்து வேலை பார்க்கிற அனுமதி போயிற்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்கால ரயிலில் கோமதி சென்னைக்குப் போனாள். குழந்தை எங்களிடம் இருந்தது.